உஷார்! அந்தப் புது வெள்ளைப் பெயின்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?

கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள்.

அமெரிக்காவில் பழைய வீடு ஒன்றைப் பார்த்து, வாடகைக்கோ விலைக்கோ எடுக்கலாம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டீர்களா? வீட்டில் தவழ்கிற குழந்தை இருக்கிறதா? இல்லை, வயிற்றில் இருக்கிறதா? அப்படியானால் ஸ்கூல் ரேட்டிங், ரயில் நிலையம் எவ்வளவு தூரம், இந்தியன் கடை எங்கே என்பதெல்லாம் அப்புறம். முதலில் இதைக் கேளுங்கள்.

இந்த வீடு எந்த வருஷம் கட்டியது?

1978-க்கு முன்னால் என்று பதில் வந்தால், உஷார்.

வீடுகளுக்கு அடிக்கும் பெயின்டில் ஈயம் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்க மத்திய அரசு தடை போட்டது அந்த வருஷம்தான். அதற்கு முன்பு பல தலைமுறைகளாகச் சேர்த்தார்கள். ஈயம் கலந்த பெயின்ட் சீக்கிரம் காயும், அடியில் உள்ளதை நன்றாக மறைக்கும், மழைக்கும் வெயிலுக்கும் தாங்கும். அதனால் நல்ல பெயின்ட் என்ற பேரோடுதான் விற்றது. இன்று அந்த நாட்டில் 1940-க்கு முன் கட்டிய வீடுகளில் நூற்றுக்கு 87-ல் எங்காவது ஓரிடத்தில் ஈயப் பெயின்ட் இருக்கிறது. 1940 முதல் 1959 வரை கட்டியவற்றில் 69. 1960 முதல் 1977 வரை கட்டியவற்றில் 24. இது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. மக்களிடம் சொல்லிவரும் கணக்கு. ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயரைச் சுற்றி நம் பிள்ளைகள் வாடகைக்கு எடுக்கிற வீடுகளில் பல எந்தக் காலத்தவை என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

“புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்களே, பளபளன்னு இருக்கே” என்பீர்கள். எனக்குப் பயமே அந்தப் பளபளப்பைப் பார்த்துத்தான். புதுப் பெயின்டை மேலே அடித்தால் பழையது எங்கும் போய்விடாது. அடியிலேயே இருக்கும்.

ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள். கணவனுக்கு ஐ.டி. வேலை, மனைவி பிரசவ விடுப்பில். நியூ ஜெர்சியில் ஒரு பழைய மர வீட்டின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்தார்கள். உயரமான ஜன்னல்கள், நல்ல வெளிச்சம். குடி போவதற்கு முந்தின வாரம்தான் சுவர், ஜன்னல் எல்லாவற்றுக்கும் வெள்ளை அடித்திருந்தார்கள். பேரனைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து பாட்டி வந்தார்.

குழந்தைக்குச் சோறு ஊட்டுவது பெரும்பாடு என்பது உங்களுக்குத் தெரியும். பாட்டி கண்டுபிடித்த வழி ஜன்னல். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு குழந்தை நிற்கும். கீழே கார் போகும், மரத்தில் அணில் ஓடும். வேடிக்கை காட்டிக்காட்டிப் பருப்புச் சாதத்தை ஊட்டிவிடுவார். பல் முளைக்கிற வயசு. ஈறு ஊறும். வாய்க்கு நேரே இருந்த மரக் கட்டையைக் குழந்தை கடித்தது. ஜன்னலைக் காற்றுக்காகத் தூக்குவார்கள், குளிர்ந்தால் இறக்குவார்கள். ஒவ்வொரு தடவையும் மரத்தோடு மரம் உரசியது.

ஒரு வயசு செக்அப்பில் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஈயம் அதிகம் என்று வந்தது. விரல் நுனியில் ஏதாவது ஒட்டியிருக்கலாம் என்று கையின் ரத்தக் குழாயிலிருந்து மறுபடி எடுத்தார்கள். அதுவும் அதிகம்.

“பையன் நல்லாத்தானே விளையாடுறான்? காய்ச்சல்கூட இல்லையே டாக்டர்” என்றாளாம் அந்தப் பெண். டாக்டர் சொன்னது: “பெரும்பாலான குழந்தைகள் இப்படித்தாம்மா இருப்பாங்க. வெளியில எதுவுமே தெரியாது.”

பிறகு வீட்டைச் சோதிக்க ஆள் வந்தார். புதுசாக அடித்த சுவர்களைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனார். கதவைத் தூக்கினார். கதவு வந்து உட்கார்கிற அந்தப் பள்ளத்தில் சாம்பல் மாதிரி தூசி படிந்திருந்தது. ஈரத் துணியால் ஒற்றி எடுத்து லேபுக்கு அனுப்பினார். அதில்தான் இருந்தது.

பாட்டி அழுத அழுகையை அந்தப் பெண் சொல்லக் கேட்டேன். அவர் என்ன பாவம் செய்தார்? அவரிடம் யார் சொன்னார்கள்? ஜன்னலில் விஷம் இருக்கும் என்று எந்த ஊர்ப் பாட்டிக்குத் தெரியும்?

ஆனால் தாய்மார்களே, இது புதிய விஷயமே அல்ல. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற டாக்டர் 1904-லேயே இதை எழுதிவைத்தார். அங்கே குழந்தைகள் ஈய விஷத்தால் நோய்ப்பட்டு வந்தபோது, காரணத்தைத் தேடி அவர்கள் வீட்டு வராந்தா வரைக்கும் போனார். வெயிலில் பொடிந்து உதிர்ந்த பெயின்ட், அந்தக் கைப்பிடிகளைத் தொட்ட விரல்கள், வாய்க்குள் போகிற விரல்கள். அவ்வளவுதான் ரகசியம். 1922-ல் பிரிஸ்பேன் இருக்கிற குவீன்ஸ்லாந்து மாநிலம் அதற்கு எதிராகச் சட்டம் போட்டது. அமெரிக்கா தடை போட 1978 ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் கட்டிய வீடுகளில்தான் இன்று நம் பிள்ளைகள் குடியிருக்கிறார்கள்.

“என் பிள்ளை பெயின்டை எல்லாம் பிய்த்துத் தின்னாது” என்று சொல்லி நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

தின்ன வேண்டியதில்லை. தூசி போதும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரே ஒரு கிராம் பழைய பெயின்ட். அதில் நூற்றுக்குப் பத்துப் பங்கு ஈயம் என்று வைத்துக்கொள்வோம். பழைய பெயின்டுகளில் அதற்கு மேலேயும் இருந்தது. அப்படியானால் அந்தக் கிராமில் 1,00,000 மைக்ரோகிராம் ஈயம். தரைத் தூசியில் சதுர அடிக்கு 40 மைக்ரோகிராம் என்று முன்பு வைத்திருந்த எல்லையை இ.பி.ஏ. 2019-ல் 10 ஆக்கியது. 2024-ல் போட்ட விதியில், சுத்தப்படுத்தும் வேலை முடிந்தபின் தரையில் 5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. ஐந்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு கிராம் பெயின்ட் பொடியாகிப் பரவினால் 20,000 சதுர அடித் தரையை அந்த அளவுக்குக் கெடுக்கும். உங்கள் வீடு எத்தனை சதுர அடி?

குழந்தை அந்தத் தரையில்தான் தவழ்கிறது. கையை வாயில் வைக்கிறது. கீழே விழுந்த பொம்மையை எடுத்துச் சப்புகிறது. வாய் வழியாகப் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். இரும்புச் சத்தும் கால்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் அதிகம். ஈயம் மூளை வளர்ச்சியைத் தாக்கும். படிப்பு, கவனம், நடத்தை, காது கேட்பது எல்லாவற்றையும் பாதிக்கும். அளவு மிகவும் ஏறினால் வலிப்பு வரும், உயிரே போகும். குழந்தையின் ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது. கவனிக்க வேண்டிய எல்லை என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வைத்திருப்பது டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம். 2012-ல் அது 5 ஆக இருந்தது, அதற்கு முன்பு 10. போன தலைமுறையில் “சரி” என்று வீட்டுக்கு அனுப்பிய எண்ணுக்கு இன்று டாக்டர் உங்களைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்.

மூளைக்கு ஏற்பட்ட சேதத்தைத் திருப்ப மருந்து கிடையாது. அதனால்தான் இவ்வளவு பதறுகிறேன்.

கர்ப்பிணிப் பெண்களும் கேளுங்கள். உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் போய்த் தங்கும், பல வருஷங்கள். பிள்ளை உண்டாகும்போது எலும்பிலிருந்து கால்சியம் கரையும். கூடவே ஈயமும் கரையும். கருவுக்கும் போகும்.

இப்போது உங்களிடம் கையெழுத்துக் கேட்டு நீட்டுகிற அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். நம்மவர்கள் ஏமாறும் இடம் அதுதான்.

1978-க்கு முன் கட்டிய வீட்டை விற்பவரும் வாடகைக்கு விடுபவரும், அதில் ஈயப் பெயின்ட் இருப்பது தங்களுக்குத் தெரிந்தால் சொல்லியாக வேண்டும். ஒரு கையேட்டையும் தர வேண்டும். 1992-ல் வந்த சட்டம் இது. கட்டு கட்டாக நீட்டுகிற பேப்பர்களுக்கு நடுவே ஒரு பக்கம் வரும். அதில் பெரும்பாலும் எந்தக் கட்டத்தில் டிக் போட்டிருப்பார்கள் தெரியுமா? “எனக்குத் தெரியாது. என்னிடம் ரிப்போர்ட் எதுவும் இல்லை.”

தெரியாது என்று எழுதியிருப்பதை நம் பிள்ளைகள் இல்லை என்று படித்துவிடுகிறார்கள்.

ஏன் தெரியாது? சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் தெரியாது. ஏன் சோதிக்கவில்லை? சோதித்து, இருக்கிறது என்று வந்துவிட்டால், அதற்குப்பின் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டும். விலை குறையும். சோதிக்காமல் இருப்பது அவர்களுக்கு லாபம். வீட்டைத் தானாக முன்வந்து சோதித்து விற்க வேண்டும் என்று மத்திய சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவும் இல்லை. என்னைக் கேட்டால் இது பெரிய ஓட்டை. ஆனால் வாங்குபவருக்கு அதே சட்டம் ஓர் உரிமை கொடுத்திருக்கிறது. சொந்தச் செலவில் சோதித்துப் பார்க்க 10 நாள் அவகாசம். அந்த உரிமையை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கவும் அதே பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.

“நிறைய ஆஃபர் வந்திருக்கு சார், இதெல்லாம் கேட்டா வீடு கைவிட்டுப் போயிடும்” என்று ரியல்டர் அவசரப்படுத்துவார். அந்த அவசரத்தில்தான் அந்தக் கட்டத்தில் இனிஷியல் விழுகிறது. குழந்தை உள்ள வீட்டில் அந்த இனிஷியலைப் போடாதீர்கள், அப்பா. வீடு போனால் இன்னொரு வீடு வரும்.

“ஹோம் இன்ஸ்பெக்ஷன் செய்தோமே!” என்கிறீர்களா? அந்த இன்ஸ்பெக்டர் கூரை, பாய்லர், அஸ்திவாரம் பார்ப்பார். ஈயம் அதில் சேராது. தனியாகக் கேட்டால்தான் உண்டு. அதற்கென்று லைசென்ஸ் வாங்கியவர்தான் செய்ய வேண்டும். இ.பி.ஏ. தளத்திலும் மாநில சுகாதாரத் துறையின் தளத்திலும் தேடினால் உங்கள் பகுதியில் இருப்பவர்கள் கிடைப்பார்கள்.

அவர்கள் இரண்டு விதமாகச் சோதிப்பார்கள். போன் செய்யும்போது தெளிவாகக் கேளுங்கள். முதலாவது, பெயின்ட் எங்கெங்கே இருக்கிறது என்று பார்ப்பது. எக்ஸ்.ஆர்.எஃப். என்ற கருவியைத் துப்பாக்கிபோல் கையில் பிடித்து, ஒவ்வொரு அறையிலும் சுவர், கதவு, நிலை, ஜன்னல் என்று வைத்து வைத்துப் பார்ப்பார். பெயின்டைச் சுரண்டவே வேண்டாம், எத்தனை பூச்சு மேலே இருந்தாலும் அடியில் உள்ளதைச் சொல்லும். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராமோ அதற்கு மேலோ காட்டினால் அது ஈயப் பெயின்ட். இரண்டாவது, ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. உதிர்கிற பெயின்ட், உரசுகிற இடம், தரையிலும் ஜன்னலிலும் படிந்த தூசி, வெளியே மண். தூசியை அளவெடுத்து ஒற்றி லேபுக்கு அனுப்புவார்கள். ஈயம் இருக்கிறது என்பது வேறு, இன்றைக்கே குழந்தையின் வாய்க்குப் போகிறது என்பது வேறு. வீடு வாங்கப் போகிறீர்கள் என்றால் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்லுங்கள்.

வாடகை வீடு என்றால் ஊருக்கு ஊர் சட்டம் மாறும். நியூ யார்க் நகரம் 1960-லேயே தடை போட்டது. அதற்கு முந்தைய வாடகை அபார்ட்மென்ட்டுகளை 2025 ஆகஸ்டுக்குள் எக்ஸ்.ஆர்.எஃப். வைத்துச் சோதித்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ரிப்போர்ட்டைக் கேளுங்கள், தராவிட்டால் நகராட்சியின் 311 எண்ணுக்குப் போன் போடுங்கள். மாசசூசெட்ஸில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை பழைய வீட்டில் இருந்தால் ஈய ஆபத்தைச் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. குழந்தை இருக்கிறது என்று சொல்லி வீடு தர மறுப்பதும் சட்டவிரோதம். நியூ ஜெர்சியில் 2022 ஜூலையிலிருந்து 1978-க்கு முந்தைய பெரும்பாலான வாடகை வீடுகளுக்குச் சோதனை கட்டாயம்.

இங்கேதான் ஒரு கண்ணி. நியூ ஜெர்சியில் பல ஊர்களில் கண்ணால் பார்த்தாலே போதும் என்று விட்டிருக்கிறார்கள். தூசியை ஒற்றி எடுப்பது, நிறையக் குழந்தைகள் ரத்தத்தில் ஈயம் தெரிந்த ஊர்களில்தான் கட்டாயம். கண்ணுக்குத் தூசியில் ஈயம் தெரியுமா? “லெட் சேஃப்” என்று ஒரு சர்டிஃபிகேட்டைக் காட்டினால், எப்படிச் சோதித்தீர்கள், பார்த்தா, ஒற்றி எடுத்தா என்று கேளுங்கள். அந்த சர்டிஃபிகேட்டுக்கு ஈயமே இல்லை என்று பொருளில்லை. அன்றைக்குப் பெயின்ட் உதிரவில்லை, அவ்வளவே.

இனி, வீட்டுக்குள் நுழைந்தவுடன் எதைப் பார்க்க வேண்டும்?

ஜன்னல். முதலில் ஜன்னல். மேலும் கீழும் ஏற்றி இறக்குகிற பழைய மர ஜன்னலானால் தூக்கிப் பாருங்கள். பள்ளத்தில் செதிளும் பொடியும் கிடந்தால் ஆபத்து. வெறுங்கையால் தொடாதீர்கள்.

முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக வெடித்த பெயின்ட். பழைய, தடித்த பூச்சுகளில் இப்படி வரும்.

திறக்கும்போது நிலையில் இடிக்கிற கதவு. ஏறி இறங்கித் தேய்ந்த படிக்கட்டு. கைப்பிடி. போர்ச் பலகை. எங்கெல்லாம் உரசலோ அங்கெல்லாம் தூசி.

குழந்தையின் வாய் உயரத்தில் உள்ள ஜன்னல் கட்டையில் பல் தடம். உங்கள் குழந்தையுடையதாக இருக்கலாம், முன்பு இருந்த குழந்தையுடையதாகவும் இருக்கலாம். ஈயப் பெயின்டுக்கு லேசான தித்திப்பு உண்டு. குழந்தை திரும்பத் திரும்பப் போகும்.

கூரையோ குழாயோ ஒழுகி உப்பிய சுவர். ஈரம் பட்ட பெயின்ட் நிற்காது.

வெளிச்சுவரை ஒட்டிச் செடி இல்லாத வெறும் மண். வெளியே உதிர்ந்ததெல்லாம் அங்கேதான் விழுந்திருக்கும். அதிலே குழந்தையை மண் விளையாட விடாதீர்கள், கொத்தமல்லி, வெந்தயக் கீரையும் போடாதீர்கள்.

பக்கத்து வீட்டில் பழைய பெயின்டைச் சுரண்டுகிறார்களா? ஜன்னலைச் சாத்துங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்கு நடுக்கம் தருவது நம் வீட்டு ஆண்பிள்ளைகள் வார இறுதியில் யூடியூப் பார்த்துத் தாங்களே பெயின்டைத் தேய்க்கிற வேலைதான். வளைகாப்பு முடிந்து, பிறக்கப்போகிற குழந்தைக்கு அறை தயார் செய்கிறார்களாம்! மெஷின் வைத்துத் தேய்க்கிறார்கள், ஹீட் கன்னால் சுடுகிறார்கள். தூங்கிக்கொண்டிருந்த விஷத்தை எழுப்பி வீடு முழுக்கத் தூவுகிற வேலை அது. காண்ட்ராக்டரை வைத்தால், 2010 ஏப்ரலிலிருந்து சட்டம் இருக்கிறது. 1978-க்கு முந்தைய வீட்டுக்குள் ஓர் அறையில் 6 சதுர அடிக்கு மேல் பழைய பெயின்டைக் கலைக்கிற வேலையானாலும், ஜன்னலைப் பெயர்த்து மாற்றுகிற வேலையானாலும், இ.பி.ஏ. சான்று பெற்ற நிறுவனம்தான் செய்ய வேண்டும். சர்டிஃபிகேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். வேலை முடிந்து தூசியை ஒற்றிச் சோதித்து ரிசல்ட் வருகிறவரை கர்ப்பிணியும் குழந்தையும் அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

ஏற்கெனவே பழைய வீட்டில் குடியிருக்கிறீர்களா? பதறி ஓட வேண்டாம், ஆனால் இன்றைக்கே சிலது செய்யலாம். குழந்தையின் கட்டிலை ஜன்னலை விட்டு நகர்த்துங்கள். காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். ஹெபா ஃபில்டர் இல்லாத வாக்யூம் தூசியைத் திரும்ப வெளியே ஊதும். சாப்பிடுமுன்பும் தூங்குமுன்பும் பிள்ளையின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். பால், கேழ்வரகுக் கூழ், கீரை, முட்டை என்று கால்சியமும் இரும்பும் சேருங்கள். இதெல்லாம் ஈயத்தை எடுத்துவிடாது, உள்ளே போவதைக் கொஞ்சம் தடுக்கும். உதிர்கிற இடத்தைப் படம் எடுத்து லேண்ட்லார்டுக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி கிடையாது.

சோதிக்க வருகிறவர் சமையலறையைப் பற்றியும் பூஜை அலமாரியைப் பற்றியும் கேட்டால் கோபப்படாதீர்கள். ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், நியூ ஜெர்சிக் கடைகளில் வாங்கிய சிந்தூரங்களில் பெரும்பாலானவற்றில் ஈயம் இருந்தது. கலப்பட மஞ்சள் தூளிலும் இருந்திருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்ததை எல்லாம் ஒளிக்காமல் காட்டுங்கள்.

கடைசியாக, ரத்தப் பரிசோதனை. நியூ ஜெர்சியிலும் நியூ யார்க்கிலும் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் எடுத்தாக வேண்டும். மற்ற மாநிலங்களில் நீங்கள் கேட்டால்தான் எடுப்பார்கள் என்ற நிலைகூட இருக்கலாம். நாளைக் காலை குழந்தை டாக்டரின் ஆபீசுக்குப் போன் போடுங்கள். “என் பிள்ளைக்கு லெட் டெஸ்ட் எடுத்தீங்களா? எத்தனை வந்தது?” என்று கேளுங்கள். “நார்மல்” என்ற பதிலோடு போனை வைத்துவிடாதீர்கள், எண்ணை வாங்கி எழுதிவையுங்கள். விரலில் எடுத்து 3.5 அல்லது அதற்கு மேல் வந்திருந்தால் ரத்தக் குழாயிலிருந்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இதுவரை எடுக்கவே இல்லை, பிள்ளைக்கு ஆறு வயது ஆகவில்லை, வீடு 1978-க்கு முந்தையது என்றால், அந்த போனிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிடுங்கள்.